நாலு புள்ளி ரெண்டு

கடையில் மெர்வி மூன்று டார்ச்சுகளை
மேசைமேல் நிறுத்தினாள்.
பெரியதில் ஐயாயிரம் லூமென் என்று எழுதியிருந்தது.
"அது கேமராக்காரர்களுக்கு. அகலக் கதிர்.
சுரங்கத்தில் யாரோ ஒருவர் துடுப்பை உதறினால் போதும்,
எழும்பும் சுண்ணாம்புத் தூள் ஒவ்வொன்றிலும் பட்டு
வெளிச்சம் உன் முகத்துக்கே திரும்பி வரும்."

குறுகியதை எடுத்தேன்.
ஆறு டிகிரி, ஆயிரம் லூமென்.
பாறையில் விழுந்தால் ஒரு தட்டளவு வெள்ளை.
அந்தத் தட்டை மெல்லச் சுழற்றினால் நலம்.
இடமும் வலமும் வேகமாய் வெட்டினால்
இங்கே பார்.
பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும்
ரைனேவும் நானும்
கரையில் இவ்வளவு தெளிவாய்ப் பேசிக்கொண்டதில்லை.

அட்டைப்பெட்டியில் "மூன்று மணி நேரம் வரை."
'வரை'யை நம்பாதே என்றாள் மெர்வி.
அது இருபது டிகிரி அறையில் அளந்த மூன்று மணி.
எங்கள் நீர் நாலு டிகிரி.
கோடையிலும் அடியில் நாலுதான்.
முக்கால் மணி நேர முக்குளிப்புக்கு
மூன்று மணி வாங்கு,
இரண்டென்று கணக்கு வை,
தோள்பட்டையில் இன்னும் இரண்டு சின்ன விளக்கு மாட்டு.

செல்கள் ஜோடியாய் வந்தன.
ஜோடியாய் சார்ஜ் செய், ஜோடியாய்த் தூக்கிப் போடு,
பழசையும் புதுசையும் ஒரே குழலுக்குள் சேர்க்காதே.
மெலிந்தது முதலில் வடிந்துவிடும்.
வலுத்தது அதன் வழியாகவே தள்ளிக்கொண்டிருக்கும்.
பிறகு சூடு, பிறகு வாயு.
பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.
மெர்விக்கு எங்கள் கதை தெரியாது.

வீட்டைப் பிரித்தபோது
பழைய டார்ச்சின் இரண்டு செல்களை
ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டோம்.
யார் யோசனையோ.
குழல் எனக்கு. சார்ஜர் அவனுக்கு.
நாய் எனக்கு.

பிப்ரவரி, மைனஸ் பதினேழு.
ஞாயிற்றுக்கிழமை இந்தக் குளிரில் இறங்க
அவனை விட்டால் எனக்கு ஆள் கிடையாது,
என்னை விட்டால் அவனுக்கும்.
ரம்பத்தால் அறுத்த முக்கோணம் வழியாக
கயிற்றைப் பிடித்து இறங்கினோம்.
இருபத்தெட்டு மீட்டரில் தண்டவாளம்.
அதன் மேல் ஒரு வண்டி, யாரோ இப்போதுதான்
தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனது போல.
சுவரில் என் தட்டு, பக்கத்தில் அவன் தட்டு.
பிறகு என் தட்டு மட்டும்.

விளக்கு அணைந்தவன்
விளக்கால் கூப்பிட முடியாது.
திரும்பினேன்.
கையுறை விரல்கள் தோளில் எதையோ தடவின.
கண்ணில் அடிக்காமல், அந்தக் கைகளின் மேல்
வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தேன்,
சின்ன விளக்கு ஏறும்வரை.
கட்டைவிரல் மேலே.
ஒரு விளக்கு போனால் அன்றைய நாள் முடிந்தது.
அதில் பேரம் இல்லை.

வேனுக்குள் காபி.
குழலைத் திறந்து காட்டினான்.
ஒன்று பளபளப்பாய் நீலம். மற்றது,
பிளாஸ்டிக் உறையில் என் பேனா எழுத்து,
எங்கள் இரண்டு பேரின் முதலெழுத்து.
"நன்றாகத்தானே இருந்தது" என்றான்.
உடனே சார்ஜரில் செருகப் போனவன் கையைப் பிடித்தேன்.
உறைந்த செல்லுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது,
உள்ளே ஆறாத காயமாகிவிடும்.
அறைச் சூட்டுக்கு வரட்டும்.
வந்த பிறகும் இதை வேண்டாம், ரைனே.
முனைகளில் டேப் ஒட்டி
மளிகைக் கடைப் பெட்டியில் போட்டுவிடு.
என்னுடையதையும் தருகிறேன்.

இரவு, சமையலறை.
சிவப்பு பச்சையானது.
மீட்டரின் ஊசிகளைத் தொட்டுப் பார்த்தேன்:
நாலு புள்ளி ரெண்டு.
இன்னொன்று நாலு புள்ளி ஒன்று ஒன்பது.
போதும்.

அடுத்த ஞாயிறு வருகிறாயா என்று
எழுதியிருந்தான்.
மூடியைத் திருகப் போனேன்.
ரப்பர் வளையத்தின் மேல் ஒரு முடி,
நாயுடையது, குட்டையாய், வெள்ளையாய்.
இவ்வளவு போதும் கடல் உள்ளே வர, ஏரியும்தான்.
முதலில் அதை எடுத்தேன்.