மூன்று மணிக் கட்டங்கள்

கண்டியில், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை,
முந்நூறு ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து
நான் சம்பளம் வாங்கிய வீட்டுக்குள் போனேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னான் பையன்.
“பலகணியைத் தொடவேண்டாம் மேடம்.
உள்ளே இருக்கிற பெண்களை
வீதியிலே போறவங்க பார்க்காமலிருக்க
மரத்திலே பின்னினது.”
இருக்கலாம்.
நான் இருந்த இரண்டு வருடமும்
உள்ளே இருந்தது ஒரு ரெமிங்டன்,
செபஸ்தியாம்பிள்ளை ஐயாவின் மூக்குப்பொடி,
படிக்கட்டு முடிந்தும் முடியாத வரிசை.

மூன்று மணிக்கு வெயில் சாய்ந்தால்
மரப்பின்னல் மேசைமேல் வந்து விழும்.
படிவத்தில் அச்சடித்த கட்டம் எது,
வெயில் அடித்த கட்டம் எது,
கொஞ்ச நேரம் எனக்கே தட்டுக்கெடும்.
இங்கே இருக்க ஒரு படிவம்.
அங்கே போக ஒரு படிவம்.
கூலி இரண்டுக்கும் ஒன்றேகால் ரூபாய்.

ஒச்சாயி வந்தது அறுபத்தொன்பது, மாசி.
அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு.
பிறந்த இடம்? என்றேன்.
பதில் சொல்லாமல் எழுந்து
பலகணிக்குப் போனாள்.
ஓட்டை ஓட்டையாகக் கண்ணை வைத்தாள்,
வாவியின் ஒரு முனை, பஸ்ஸின் கூரை, காகம்,
கடைசி வரிசையில் நின்றுவிட்டாள்.
“இந்தா, இதுக்குள்ள பாரு புள்ள.”

குனிந்தேன்.
ஹந்தானை மலை. பாதிக்கு மேல் மேகம்.
ஐந்து சதக் குற்றி அளவு பச்சை.
“அந்தக் கல்லுக்குக் கீழ. கொழுந்துக் கூடைய
எங்கம்மா எறக்கி வச்ச எடம்.”

பிறப்புப் பத்திரம் உண்டா என்றார் ஐயா.
இல்லை.
அப்ப மற்றதை எழுது, என்றார்,
தும்மினார்.

எழுதினேன்.
திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா,
அவள் பாட்டன் விட்டுவந்த ஊர்.
ஒரு எழுத்துப் பிழை இல்லை.
“அத எழுதிட்டியா?” என்றாள்,
இன்னும் மலைப் பக்கம் கையை நீட்டியபடி.
எழுதிவிட்டேன் என்றேன்.
பெருவிரலை மையில் வைத்து
அழுத்தி ஒற்றினாள்.

கடைசி வரிசையில்
இரண்டு சட்டம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.
மரம் வேறு நிறம். குனியவும் முடியவில்லை,
முழங்கால்.

இறங்கும்போது பையன் ஒரு புத்தகத்தை நீட்டினான்.
பெயர். திகதி. எங்கிருந்து வருகிறீர்கள்.
பெயரை எழுதினேன், திகதியை எழுதினேன்.
மணி மூன்றரை. வெளியே மறுபடி மப்பு.
மேசையில் நிழல் எதுவும் விழவில்லை,
அச்சடித்த கட்டம் மட்டும்.

பேனா வேணுமா மேடம், என்றான்,
என் கையில் இருந்ததைப் பார்க்காமல்.