வாயைத் திறந்து தும்மவும்

மூக்கைச் சிந்தக்கூடாது.
ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கக்கூடாது.
குனியக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவும்.
மஞ்சக்குப்பம் பல் ஆஸ்பத்திரியில் கொடுத்த
தாளில் எல்லாம் இருந்தது,
விசிலைத் தவிர.

நானே கேட்டேன்.
பேனாவை மூடப்போன டாக்டர் நிலோஃபர்
மறுபடி திறந்து
ஆறாவதாக எழுதினார்:
விசில், கூடவே கூடாது.

சிதம்பரம், கடலூர், பாண்டி.
இருபத்திரண்டு வருஷமாக
நான் ஊதி நின்ற வண்டி, ஊதிக் கிளம்பிய வண்டி.

மேல்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்,
தானே புயலுக்கு முந்தின மாதம் பிடுங்கியது.
பல் போன இடத்தில் எலும்பு கரையக் கரைய
மேலே இருக்கும் காற்றறை
பக்கத்து மனைக்காரன் வேலி மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்துவிட்டதாம்.
படத்தில் காட்டினார்: மூன்று மில்லிமீட்டர்.
ஒரு ரூபாய்க் காசு இரண்டை
அடுக்கி வைத்த உயரம்.

பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி
உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை மெல்லத் தூக்கி
அடியில் மாட்டெலும்புத் தூள் நிரப்ப வேண்டும்.
ஆறு மாதத்தில் அது உங்கள் எலும்பு, என்றார்.
அஞ்சலாட்சியிடம் மாடு என்று சொல்லவில்லை.
ரவை மாதிரி என்னவோ, என்றேன்.

மரத்த கன்னத்துக்கு அந்தப் பக்கம்
கருவி நின்றது.
டாக்டர் "ச்" என்றார்.
அவித்த முட்டையின் ஓட்டுக்கடியில் இருக்குமே தோல்,
அந்த மாதிரி ஒன்று கிழிந்துவிட்டது,
சின்னதுதான், ஒட்டுப் போட்டிருக்கிறேன்,
பத்தில் இரண்டு பேருக்கு ஆகும்.
பத்துப் பேர் ஏறினால்
இரண்டு பேரிடம் சில்லறை இருக்காது,
தெரிந்த கணக்குதான்.
இந்த முறை நான் அந்த இரண்டில்.

ஒன்பதாம் நாள் டியூட்டி.
விசிலுக்குப் பதில் ஐந்து ரூபாய்க் காசால்
கம்பியில் தட்டுவேன்.
ஒன்று, நிறுத்து. இரண்டு, போ.
டிரைவர் ஞானப்பிரகாசம்
கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.
சிப்காட் பக்கம் அந்த நாற்றம் வந்தது.
முந்தானையும் துண்டும் மூக்குக்குப் போக
எனக்குத் தும்மல்.
ஐம்பத்தொரு வருஷப் பழக்கம்,
வாயை மூடிக்கொண்டேன்.

கர்ச்சீப்பில் கொஞ்சம் ரத்தம்.
ரத்தத்தில் நாலைந்து மணி,
வெள்ளையாக.

அதற்கப்புறம் வாய் கொப்பளித்தால்
தண்ணீர் மூக்கில் வந்தது.
விழுந்த சில்லறைக்குக் குனிந்தால்
கன்னத்துக்குள் ஒரு கல் உருண்டது.
ஆலப்பாக்கம், ஆல்பேட்டை, கிருமாம்பாக்கம்,
எங்கேயும் ஒரே நாற்றம்,
பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடப்பது போல.
ஒரு காலேஜ் பெண்ணிடம் கேட்டேன்,
ஏம்மா, இங்க ஏதாவது நாறுதா?
இல்லையேண்ணா என்று சொல்லி
ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

மாத்திரைக்குக் கேட்கவில்லை.
மறுபடி ஜன்னலைத் திறந்து
வைத்ததையெல்லாம் வழித்து எடுத்தார்கள்.
தவணை மட்டும் நிற்கவில்லை.
அஞ்சலாட்சியின் தோடு இன்னும் அடகில்.
ரவை என்ன ஆச்சு என்று அவள் கேட்கவும் இல்லை.
நாலு மாதம் போகட்டும், பார்க்கலாம் என்ற
டாக்டரின் கண்ணிலும்
தூங்கின மாதிரித் தெரியவில்லை.

நேற்று முதல் டிரிப்.
பச்சையாங்குப்பம் நெருங்க
வண்டியில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள்.
எனக்கும் அடித்தது.
கண் எரிய, தொண்டை கமற,
ஜன்னல் வழியாக, வெளியிலிருந்து.
நான் பொத்தவில்லை.
ஒரு மூச்சு முழுசாக இழுத்துவிட்டு
கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஏன்யா சிரிக்கிற, என்றார் ஞானப்பிரகாசம்.
நாறுதுண்ணே, என்றேன்.