இரட்டைச் சுழி

புதுவயல் அரிசி ஆலைச் சங்க மண்டபம்
இந்த வருஷமும் வாடகையை ஏற்றவில்லை.
தை இரண்டாம் சனி, ஞாயிறு.
புழுங்கல் நெல் அவியும் வாசத்தில்
பேனர் கட்டினோம்:
வெ.நா. சாத்தப்பன் சிதனைக் கருத்தரங்கு, இருபதாம் ஆண்டு.
அச்சுக்காரன் விட்ட 'ந்'தை
நாற்காலி மேல் ஏறி
ஸ்கெட்ச் பேனாவால் நானே நுழைத்தேன்.

நான் பொருளாளர்.
கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்றவள்,
தத்துவம் படித்தவளில்லை.
காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

மோல்மேன் வட்டிக்கடையில் அடுத்தாள், சாத்தப்பன்.
பகலில் பேரேட்டில் பற்று எழுதினார்.
ராத்திரி, அதே பேரேட்டின் ஓரத்தில்,
பற்று என்றால் என்ன என்று எழுதினார்.
தாளை வீணடித்த வகையில்
முதலாளி பிடித்த ஒன்றேகால் ரூபாயும்
அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது,
அவர் கையெழுத்தில்.

மூன்று பேரேடு, நானூற்றுச் சொச்சம் குறிப்பு.
கடைசிக் குறிப்பின் கடைசி வரியில்தான் வம்பு.
'எனக்கும் உனக்கும் நடுவே
கொடு' என்கிறார் பாளையங்கோட்டை நவமணி.
'கோடு' என்கிறார் இளையான்குடி மொய்தீன் பிச்சை.
கொம்பில் சுழி ஒன்றா இரண்டா,
சரியாக அங்கேதான்
பர்மா மழை இறங்கி மை ஊறிவிட்டது.

ஒரு சுழி என்றால் உலகம் கை நீட்டுகிறது.
இரண்டென்றால் வேலி போட்டுக்கொள்கிறது.
இவ்வளவுதான் விஷயம். இதற்குப்
பத்தொன்பது தொகுதி அச்சிட்டிருக்கிறோம்.
பதினோராம் வருஷம் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது.
பதினான்காம் வருஷம்
ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து
இரண்டுமே சரி என்றார்.
அன்றைக்கு மட்டும்
நவமணியும் மொய்தீனும்
ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

இந்த வருஷம் நவமணி வரவில்லை.
தொண்டையில் அறுவை, பேசக் கூடாதாம்.
கட்டுரை கூரியரில் வந்தது.
மேலே குத்தியிருந்த சீட்டில்:
மொய்தீன் வாசிக்கட்டும்.

வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு,
'கோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நண்பர்' என்று
தன்னைக் கேலிசெய்த இடத்தையும்
ஒரு சொல் விழுங்காமல்.
நவமணி எங்கே மூச்சு வாங்குவாரோ
அங்கே வாங்கினார்.
நடுவில் ஆலைச் சங்கு ஊதியது.
ஓயும்வரை நின்று
அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.

கேள்வி நேரம்.
முப்பத்தொரு பேர்.
அதில் ஒன்பது பேர் சான்றிதழுக்கு வந்த பிள்ளைகள்.
ஒருவரும் கை தூக்கவில்லை.

மேடையில் நின்றவரே தூக்கினார்.
வருஷா வருஷம் கேட்கிற அதே கேள்வி:
'கொடு என்றால் எதை?
செயப்படுபொருள் எங்கே, அம்மா?'
பிறகு மைக்குக்கு மறுபக்கம் நகர்ந்து,
வருஷா வருஷம் அந்த அம்மாள் சொல்கிற பதில்:
'அதைத் தேடித்தானே ஐயா
இளையான்குடியிலிருந்து பஸ் ஏறுகிறீர்கள்.'
சிலர் சிரித்தார்கள்.
அவர் தண்ணீர் கேட்டார்.

சாயங்காலம் கணக்கு முடிக்க உட்கார்ந்தேன்.
மண்டபம், ஒலிபெருக்கி, கவுனியரிசி,
சாம்பார் வாளி இரண்டு கூடுதல்
(யார் சொன்னது என்று தெரியவில்லை).
நவமணிக்கு எடுத்துவைத்த பயணப்படி
ஆயிரத்து இருநூறு, அப்படியே.
மொய்தீன் வந்து
தன் உறையையும் அதன்மேல் வைத்தார்.
'இதையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பிடுங்க.'
எந்த வகையில் எழுத என்று நிமிர்ந்தால்
காரைக்குடி பஸ் கிளம்பிவிட்டது.

தேதி எழுதினேன். பெயர் எழுதினேன்.
கொடுத்தது என்று எழுதக்
கொம்பை இழுத்தேன்.
பால்பாயிண்ட்தான், புதுசுதான்,
கை என்ன நினைத்ததோ
சுழி இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டது.
அடிக்கவில்லை.
தணிக்கைக்காரர் கேட்டால்
பார்த்துக்கொள்ளலாம்.