ஒரு முழத்துக்குள்

பள்ளத்தோட்டம் யூட் சிங்கராயரின் எஞ்சின்
பதினொரு நாளாய்க் கடலுக்குள் கிடக்கிறது.
பதினைந்து குதிரைவலு.
லீசிங் கட்டி முடிய இன்னும் பத்தொன்பது மாதம்.

விழுந்த இடம் தெரியும்.
மாதா கோயில் சிலுவையும் தண்ணீர்த் தாங்கியும்
ஒரே கோட்டில் நிற்கும் இடம்,
பதினாலு பாகம்.
நிஸ்தார் மூன்று தரம் இறங்கினார்.
கலங்கல். நீட்டிய கை தெரியவில்லை.
சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் காசு.

மீன் பார்க்கும் கருவியில்
ஒரேயொரு மேடு.
"அது கல்லு," என்றார் நிஸ்தார்.
"கல்லோட சாய்ஞ்சு என்ர எஞ்சினும் கிடக்கு," என்றார் யூட்.
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான்:
தண்ணீருக்குள் சீழ்க்கை அடிக்கிறோம்,
கீழிருந்து மேலே ஒரே மூச்சில்
வழுக்கி ஏறும் சீழ்க்கை.
போனது அடியில் பட்டுத் திரும்பும்போது
எங்கள் வாய் இன்னும் மேலே போயிருக்கும்.
வந்த சுருதிக்கும் நிற்கும் சுருதிக்கும்
இடையில் உள்ளதுதான் ஆழம்.

எவ்வளவு உயர ஏறுகிறோமோ
அவ்வளவு நுணுக்கம்.
எங்கள் கருவியோ இரண்டாயிரம் அதிர்வு ஏறுமுன்
தொண்டை அடைத்துப்போகும்.
ஆகவே
ஒரு முழத்துக்குள் நெருங்கிக் கிடப்பதெல்லாம்
அதற்கு ஒன்றே.

அகலக் குரலுள்ள கருவிக்கு
சிங்கப்பூரிலிருந்து விலை வந்தது.
பஸ்மியா சைபர்களை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்:
"இதுக்கு நாலு எஞ்சின் வாங்கலாம்."

சைபர் எங்களிடமும் உண்டு.
அன்றிரவு வளாகத்து ஆய்வுகூடத்தில்
அளந்த எண்களின் பின்னால்
ஆயிரம் சைபர்களை வரிசையாய் வைத்தேன்.
மேடு வழுவழுவென்று வந்தது,
சுவரில் மாட்டலாம் போல.
ஆனால் ஒன்று.
அழகான ஒன்று.
கேட்காத குரலைச் சைபர் சொல்லித் தராது.

பிறகு பழைய இரும்புக் கடையில்
உடைந்த கருவிகளிலிருந்து கழற்றிய
மூன்று வாய்கள்.
ஒன்று நிறுத்தும் சுருதியில் மற்றது தொடங்க,
அது நிறுத்தும் இடத்தில் மூன்றாவது.
தனியே எதுவும் நேராக ஏறவில்லை,
பாதியில் வளைந்தன.
பொருத்தும் இடங்களிலோ
இல்லாத பேய் மேடுகள் முளைத்தன.

பஸ்மியா வீட்டிலிருந்து
கலியாணச் சஹன் ஒன்றைக் கொண்டுவந்தாள்,
ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அலுமினியத் தட்டு.
மூன்று துளையிட்டுக் கயிறு கட்டி
போட்டுக்குக் கீழே தொங்கவிட்டோம்.
சரியாக இரண்டு மீற்றர்.
நாடாவால் மூன்று தரம் அளந்தோம்.
இது இரண்டு மீற்றர் என்று நமக்குத் தெரியும்.
கருவி வேறு எது சொன்னாலும்
அது கருவியின் கோணல்.
அந்தக் கோணலைக் கழித்துவிட்டு
மூன்று சீழ்க்கையையும் ஒட்டித் தைத்தோம்.

கச்சான் எழும்பாத விடியல்.
டச்சுக்குடாக் கரையில் மான்கள்
பொலித்தீன் பையை மோந்துகொண்டு நின்றன.
மடிக்கணினியின் வெளிச்சம்
யூட்டின் நரைத்த தாடியில்.

மேடு நடுவில் பள்ளமானது.
மூன்றைச் சேர்த்தபோதுதான்
இரண்டு பிரிந்தது.
இடையில் ஒரு சாண் தண்ணீர்.

கல்லின் கடற்பக்கம் இறங்கிய நிஸ்தார்
ஒன்பதாவது நிமிடம் கயிற்றை இழுத்தார்.

எஞ்சின் வந்தது.
மூடிக்குள்ளிருந்து ஒரு நண்டு இறங்கிப் போனது.
யூட் நன்றி சொல்லவில்லை.
சரித்துத் தண்ணீரை வடியவிட்டார்,
நெடுநேரம்.
"பத்துமோ?" என்றார், எங்களிடம் அல்ல.

அந்தப் படத்தில்
கல்லுக்குக் கீழே இன்னொரு சிறு மேடும் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
இந்தத் துறைமுகத்தின் அடியில்
என்னென்ன கிடக்கின்றனவோ.

துளையிட்ட சஹனைப் பார்த்துவிட்டு
இனி இதில் எப்படிக் கறி நிற்கும் என்று
பஸ்மியாவின் உம்மா ஏசினாராம்.
அது இப்போது ஆய்வுகூடத்துச் சுவரில்.
அடிப்பக்கம் கறுப்பு மையால் எழுதியிருக்கிறோம்:
இரண்டு மீற்றர்.