பன்னிரண்டாம் மாதப் படிவம்

காரைக்குடியில் பஸ் ஏறும்போது
பையில் பதினோரு படிவங்கள்,
ஒரு தண்ணீர் பாட்டில்,
எண்களாக்கப்பட்ட பெண்கள்.
(கீழே வரும் பெயர்கள் அவர்களுடையவை அல்ல.)

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதா,
உள்ளேயே விட்டு
மருந்து கசியும் லூப் ஒன்றைப் பொருத்துவதா?
எது நல்லதென்று எல்லோருக்கும் தெரியும்.
டாக்டருக்குத் தெரியும்.
மெடிக்கல் ஷாப் பையனுக்குத் தெரியும்.
"பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு"
என்ற மாமியாருக்கு ரொம்பவே தெரியும்.
தெரியாது என்று சொன்னது
இந்தப் படிவம் மட்டும்தான்.
அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

யாருக்கு எது என்பதை
ஒட்டிய உறை முடிவு செய்தது.
"குலுக்கலா?" என்றாள் பௌசியா.
ஆமாம் என்றேன்.
மாதச் சீட்டுப் பிடிக்கிறவள்,
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.
உறையில் ஆபரேஷன்.
இன்று, நல்லா இருக்கேன் என்கிறாள்
பதினெட்டாம் கேள்வி வரைக்கும்.
பத்தொன்பதில் குரல் இறங்குகிறது:
தும்மினால் இரண்டு சொட்டு.
கேட்டதால் சொன்னாள்.
கேட்காதிருந்தால்
அதுவும் நலம் என்றே பதிவாகியிருக்கும்.

கோட்டையூர். பலகாரக் கடையின் பின்கட்டு.
எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமல்
இருளாயி பதில் சொல்கிறாள்.
அவளுக்கு வந்தது லூப்.
மூன்று படங்களை நீட்டுகிறேன்:
லேசாக நனைந்த துணி,
பாதி நனைந்தது,
முழுக்க நனைந்தது.
"போன வருசத்துக்கா, இந்த வருசத்துக்கா?"
இரண்டுக்கும்.
"போன வருசத்துக்கு
உங்க படத்துல சிவப்பு பத்தாது தாயி."
இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு
தீபாவளி ஆர்டர் முழுதும்
நின்றபடியே பிழிந்து முடித்தாளாம்.
'மிகவும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
அதற்குமேல் கட்டம் இல்லை.

இந்த வருசம்?
சட்டியில் முறுக்கைத் திருப்பினாள்.
"மஞ்சச் சேல கட்டிக்கிட்டு
கொப்புடையம்மன் தேருக்குப் போனேன்.
ஒருதடவகூடப்
பின்பக்கத்தத் திரும்பிப் பாக்கல."

நாலு முறை அழைத்தும் எடுக்காவிட்டால்
'தொடர்பு அறுந்தவர்' என்று எழுதலாம்.
விதி அப்படி.
முப்பத்தேழாம் எண் ஏழு முறை எடுக்கவில்லை.
பள்ளத்தூரில் இறங்கினேன்.
முன்வாசல் ஒரு தெருவில், பூட்டு.
பின்வாசல் அடுத்த தெருவில்.
வெயிலில் சுவரோடு நடந்து
சுற்றிப்போய்த் தட்டினேன்.

சிகப்பி என்னைப் பார்த்ததும்
திருடிவிட்டு அகப்பட்டவள்போல் நின்றாள்.
"எடுத்துட்டேன்க்கா. நாலாம் மாசமே.
சொட்டுச் சொட்டா நிக்கவே இல்ல.
மூணு மாசம் பொறுக்கச் சொன்னீங்க,
நாலு பொறுத்தேன்.
உங்க கணக்கக் கெடுத்துட்டேனே,
அதான் போன எடுக்கல."

பயிற்சி வகுப்பில்
இதற்கொரு வாக்கியம் சொல்லித்தந்தார்கள்.
வாயில் வரவில்லை.
தண்ணீர் கேட்டேன். குடித்தேன்.
பிறகு சொன்னேன்:
கெடவில்லை. இதுவும் கணக்குதான்.
எடுத்துவிட்டாலும் நீங்கள்
லூப் வந்தவர்கள் பக்கமேதான்,
உறை சொன்ன பக்கத்திலேயே, கடைசிவரைக்கும்.

"கலியாணம் மாதிரின்னு சொல்லுங்க"
என்றாள்.
இருவரும் சிரித்த சிரிப்பில்
உள்ளே யாரோ இருமினார்கள்.
"அப்ப எழுதிக்கங்க.
நாலாம் மாசம்னு தெளிவா எழுதுங்க.
அடுத்தவளுக்காச்சும்
முன்னாடியே தெரியட்டும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்.
என் அம்மாவுக்கு எடுத்தது முப்பத்தொன்றில்.
யாரும் படம் காட்டிக் கேட்கவில்லை.
அவளுக்கு எண் கிடையாது.

முடிவு வர இன்னும் இரண்டு வருடம் ஆகும்.
அதுவரை எனக்கும் தெரியாது,
நல்லவேளையாக.
இருளாயியின் படிவத்தில்
ஓர் எண்ணெய்ப் பொட்டு
தாளைத் துளைத்து ஊறியிருக்கிறது.
வெளிச்சத்தில் பிடித்தால்
அதன் வழியே தெரிகிறது
அடுத்த பக்கத்துக் கேள்வி.