இரண்டாங்கட்டுக்கு ரவுட்டர் போன நாள்

முகப்பில் ஐந்து கோடு.
பட்டாலையில் மூன்று.
வளவுத் தூண்களைத் தாண்டும்போது ஒன்று,
அதுவும் மழைக்கு ஒதுங்கிய நாய் மாதிரி
உள்ளே வரலாமா என்று நின்று பார்க்கும்.
என் அறையில் எதுவும் இல்லை.

ராத்திரி ஏழு மணிக்கு எனக்கு வேலை தொடங்கும்.
ஒஹாயோவில் யாருக்கோ பித்தப்பையை எடுத்திருப்பார்கள்,
அதற்குரிய எண்ணைப் பள்ளத்தூரில் உட்கார்ந்து
நான் போட வேண்டும்.
போட்டு முடிக்குமுன் வட்டம் சுற்றும்.
மூன்று மாதமாக வளவின் ஓரத்தில்,
கூரைத் தண்ணீர் விழும் அண்டாவுக்குப் பக்கத்தில்,
மோடாமேல் லேப்டாப்.
கொசுவுக்கு ஒரு கை, கோடிங்குக்கு ஒரு கை.

தேவகோட்டையிலிருந்து ஜேசுராஜ் வந்தான்.
சுவரைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான்.
"ஆச்சி, இது சுவரா மலையா?"
ரெண்டேகால் அடி, அளந்து சொன்னான்.
டிரில் முனை ஒரு சாண்தான் என்றான்,
தன் பிழை போல.
கதவிடுக்கில் வயரை விட்டால்
இரும்புத் தாழ் நறுக்கிவிடும்.

ரவுட்டரை நடுவில் வைக்க வேண்டும்.
நடுவில் இருப்பது முத்தையாவின் அறை.
ஆறு புள்ளியில் நாலாவது.
ஆள் பினாங்கில், சாவி என் அலமாரியில்,
அனுமதி எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.
தெருவில் நின்று போன் போட்டேன்.
"வெச்சுக்க. கரண்ட்டு யார் கணக்கு?"
என் கணக்கு என்றேன்.
"அப்ப வெச்சுக்க."

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி.
உள்ளே பதினொரு டிரங்குப் பெட்டி,
கட்டில் இல்லாத கட்டில் கால்கள்,
ஒரு வௌவால்.
டார்ச்சைச் சுவரில் ஓட்டிக்கொண்டு போனவன்
குந்தி உட்கார்ந்தான்.
ஓர் ஓட்டை.
சுண்டுவிரல் போகும், பழந்துணி அடைத்திருந்தது.
பக்கத்தில் கறுப்பாய் ஒரு டெலிபோன் டப்பி, வயர் அறுந்து.
துணியை உருவியதும்
மிளகளவு வெளிச்சம் அவன் சட்டைப் பொத்தானில் நின்றது.

யார் குடைந்தது, எத்தனை நாள் குடைந்தது,
அப்போதும் யாராவது யாரிடமாவது கேட்டார்களா,
ஒன்றும் தெரியாது.
எனக்கு முன்பும் ஒருவருக்கு
இந்த வீட்டில் லைன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.
தொண்டையில் மாத்திரை இறங்குவது போல
தயங்கித் தயங்கி ஃபைபர் இறங்கியது.

சிவப்பு. அப்புறம் ஆரஞ்சு.
ஜேசுராஜ் டீ குடித்து முடிக்கும்வரை ஆரஞ்சு.
அப்புறம் பச்சை.
என் அறையில் நாலு கோடு.
முகப்பில் எத்தனை என்று
நான் யோசிக்கவே இல்லை.

யோசித்தேன். பொய் சொல்வானேன்.
முகப்பில் மூத்தார் வைரவன்,
நாற்காலி, கிரிக்கெட்.
காரைக்குடி கோர்ட்டில் நாங்கள் எதிரெதிர்க் கட்சி.
ஏழு வருஷமாக ஒரே வாசல்,
ஒரு வார்த்தை கிடையாது.
பாஸ்வேர்டு மட்டும் வீட்டு விலாசம்,
எந்தப் பங்காளிக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எட்டேமுக்காலுக்கு நாற்காலி இழுபடும் சத்தம்.
பட்டாலையில் வந்து நின்றது.
மறுபடி. வளவின் முதல் தூண்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி, இந்தத் தடவை தூக்கி வைத்த மாதிரி.
ஹெட்போனில் ஒரு காதை மட்டும் விலக்கினேன்.
என் நிலைக்கு ஆறடி தள்ளி, சுவரைப் பார்த்து:
"பாஸ்வேர்டு மாத்தியாச்சா?"

இல்லை என்றேன்.
"ம்."

யாருடைய இடுப்பெலும்போ காத்திருந்தது,
எண் போட்டேன்.
வெளியே யாரோ அவுட்.
நாற்காலி நகரவில்லை.

அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.