கைவராதது

எனக்குக் கைவராதது ஒன்றே ஒன்று:
கை.

முகம் வரும். மூக்கு, முகத்தைவிட நன்றாக வரும்.
மழையில் நிற்கும் சைக்கிளை
ஒரே மூச்சில் போட்டுவிடுவேன், சக்கரத்தின் கம்பிகளை எண்ணாமலே.
கை மட்டும்
உருளைக்கிழங்கு முளைவிட்டதுபோல் வரும்.

அதனால் என் காமிக்ஸில்
எல்லோரும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.
படகோட்டி சுலோ, கடைக்காரி ஐரி,
திருடன் (அவனுக்கு அது பொருந்தும்),
பதினோராம் பக்கத்தில் முத்தமிடும் இருவர்கூட,
சாய்ந்து முட்டிக்கொண்ட இரண்டு விளக்குக் கம்பங்கள்போல.

சுலோ எப்படிப் படகை ஓட்டுகிறான்?
கட்டத்துக்கு வெளியே ஓட்டுகிறான்.
ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே
வெறுமனே விடுகிறோமே ஒரு வெள்ளைச் சந்து,
என் உலகின் வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது:
கதவு திறக்கிறது, மீன் அறுபடுகிறது,
யாரோ ஒருவன் அறை வாங்குகிறான்.
அடுத்த கட்டத்தில் கன்னம் மட்டும் சிவந்திருக்கும்.
(கறுப்பு வெள்ளைப் புத்தகம். சிவப்பு என்பது நாலு கோடு.)

குவோபியோ மருத்துவமனையின் சலவைக்கூடத்தில்
பகலெல்லாம் போர்வை மடிக்கிறேன்.
இரவில், ரொட்டித்தூளைத் துடைத்துவிட்டு,
சமையலறை மேசையில் இருபத்துநான்கு பக்கம்.
இரண்டு குளிர்காலம் பிடித்தது.
நூலகத்து நகல் இயந்திரம் என் கறுப்பைச் சாம்பலாக்கிற்று.
நீளக்கை ஸ்டேப்ளரை எஸ்கோவிடம்
கைமாற்றாக வாங்கினேன்.
நாற்பது பிரதி.

மார்ச்சில் காமிக்ஸ் சந்தை, ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை,
வாடகை பன்னிரண்டு யூரோ.
பக்கத்து மேசை ரைலி ரோபோக்கள் வரைகிறவள்.
ரோபோவுக்கு நான்கு கை,
விரலுக்கு விரல் நகம், நகத்துக்கு நகம் பிறை.
நான் எதையும் பார்க்காதவன்போல்
என் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்கப் போனது மூன்று.
ஒன்று எங்கள் மேலாளர் வாங்கியது; படித்திருக்க மாட்டார்.
ஒன்று ரைலியின் ரோபோவுக்குப் பண்டமாற்று;
அதையும் விற்பனை என்றே குறித்துக்கொண்டேன்.
மூன்றாவதை,
பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு சிறுமி
நின்றபடியே முழுதும் படித்துவிட்டுக் கேட்டாள்:
"இந்தக் கதையில் ரொம்பக் குளிரா?"

கதை நடப்பது ஜூலையில்.
முதல் பக்கத்திலேயே முப்பது டிகிரி
(ஃபின்லாந்தில் அது செய்தி).
எல்லோரும் ஏரியில் குளிக்கிறார்கள்,
தண்ணீர் கழுத்தளவு.

"ஆமாம்," என்றேன். "ரொம்ப."

அவள் தலையாட்டினாள். சில்லறையை எண்ணி வைத்தாள்.
புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கையுறையின் விளிம்பைப் பல்லால் கவ்வி
உள்ளே ஒவ்வொரு விரலாக நுழைத்தாள்.
ஒரு கையை அவ்வளவு நேரம்
நான் பார்த்ததே இல்லை.

அன்றிரவு இடக்கையை விளக்கடியில் கிடத்தினேன்.
சோப்புத்தூளில் வெடித்த கட்டைவிரல்.
இஸ்திரி உருளை முத்தமிட்ட பழைய தழும்பு.
அசையாதே என்றால் அசைகிறது.
முதலில் ஒரு கிழங்கு. பிறகு இன்னொரு கிழங்கு.
நாலாவது நண்டு.
ஏழாவது,
கை என்று சொல்லிக் கொடுத்தால் நம்பலாம்.

பதினேழாம் பக்கத்தில் கரையைப் பார்த்து நிற்கிறான் சுலோ.
அவன் தோளோரம் அதை வெட்டி ஒட்டினேன்.
உடம்புக்குக் கொஞ்சம் பெரிதுதான்.
யாரையோ பார்த்துக் கையசைக்கிறான்;
யாரை என்று இன்னும் யோசிக்கவில்லை.

கையிருப்பு முப்பத்தேழு.
நகல் எடுக்க நூலகம் திறந்திருக்காது,
முப்பத்தேழு முறை வரைந்தேன்,
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
ஜன்னலில் பனிவாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு
சுற்றிச் சுற்றிப் போயிற்று.

கைவிட்டுப்போன மூன்றில் மட்டும்
இன்னும் குளிர்.